பிறவிச் செவிடு

ஜூன் 4, செவ்வாய்

இது நாய் நோட்டு. எந்தப் பொட்டை எந்தக் கடுவனோட சேந்துச்சு, என்னைக்கு ஈனுச்சு, எத்தனை குட்டி, எது நின்னுச்சு, எதைக் கழிச்சோம், எல்லாம் இதுலதான் எழுதுறேன். இருபத்திரண்டு வருசமா எழுதுறேன். இன்னைக்கு முதல் தடவையா ரெண்டு கால் உள்ளது ஒண்ணை எழுத வேண்டியதாப் போச்சு.

பெயர்: கார்த்தீஸ்வரி. பொட்டை. வயசு பத்து.
தகப்பன்: தவசி, என் வீட்டுக்காரர்.
தாய்: மில்லுக்காரி.

மில்லுக்காரி திருப்பூர்ல போன மாசம் மஞ்சக்காமாலையில போய்ச் சேந்துட்டாளாம். மனுசன் லாரியை வாசல்ல நிறுத்தி, லோடு இறக்குற மாதிரி இதை இறக்கி விட்டாரு. ஒரு கட்டைப்பை, ஒரு ஸ்கூல் பை. "பூரணம், புள்ளைக்கு வேற நாதியில்ல"ன்னாரு. எனக்கு இந்த விசயமே தெரியாதுன்னு இத்தனை வருசமா நெனச்சுக்கிட்டு இருந்திருக்காரு. ஏழு வருசமா எனக்குத் தெரியும். சொல்லிக்காட்டல, அவ்வளவுதான்.

கத்தணும்னு தோணுச்சு. கத்தல. "வெளிய கூட்டிட்டுப் போங்க"ன்னு மட்டும் சொன்னேன். கால்ல விழாத குறையா நின்னாரு. "தை முடியிற வரைக்கும் வச்சுப் பாரு. ஒத்து வரலைன்னா ஹாஸ்டல்ல கொண்டுபோய் விட்டுடுறேன். உன் முடிவுதான்"ன்னாரு. சரின்னுட்டேன். ஒத்து வராதுன்னு எனக்கு இப்பவே தெரியும். நாயா இருந்தாலும் மனுசனா இருந்தாலும் ரத்தம்தான் பேசும், வளப்பெல்லாம் மேல போடுற சட்டை. ஆனா வாயால சொன்னா பொறாமையில பேசுறேம்பாரு. அதனால தேதி போட்டு எழுதி வச்சுக் காட்டுறேன்.

ஜூன் 5, புதன்

அலமாரியில நாலு அதிரசத்தை எண்ணி வச்சுட்டுக் கடைக்குப் போனேன். வந்து பாத்தா நாலும் இருக்கு. திருடத் தெரிஞ்சவ முதல் நாளே கை வைக்க மாட்டா. எழுதி வச்சுக்கிறேன்.

ஜூன் 9, ஞாயிறு

சிங்காரி ஈனுச்சு. ஏழு. கடுவன் நாலு, பொட்டை மூணு. எல்லாம் வெள்ளை.

இதெல்லாம் எங்கப்பா கொடுத்த வம்சம். கல்யாணச் சீரோட ஒரு வெள்ளை ராஜபாளையம் பொட்டையையும் வண்டியில ஏத்தி விட்டாரு. செல்லின்னு பேரு. மூக்கு ரோஸ் கலர், ஒடம்புல ஒரு கறுப்புப் புள்ளி கிடையாது. எனக்கு வயித்துல ஒண்ணும் தங்கல. மூணு தடவை போச்சு. செல்லி வயித்துல வந்ததுதான் இன்னைக்கு வரைக்கும் கொட்டகையில நிக்குது. அதனாலதான் இந்த நோட்டு.

மில்லுக்காரி மக ராத்திரி சோறு கூடத் திங்காம கொட்டகைக் கம்பியைப் புடிச்சுக்கிட்டு நின்னுச்சு. "பெரியம்மா, இதுங்களுக்கு அப்பா யாரு?"ன்னு கேட்டுச்சு. "இதுங்களுக்கு அப்பன் யாருன்னு ஊருக்கே தெரியும். ஒளிஞ்சு பெத்த குட்டி இல்ல"ன்னேன். மூஞ்சி தொங்கிப் போச்சு. எனக்கு நல்லாத்தான் இருந்துச்சு, பொய் என்ன சொல்ல.

ஜூன் 20, வியாழன்

தாய்நாய் மிதிச்சு ஒரு குட்டிக்குப் பின்னங்கால் கோணிப்போச்சு. மில்லுக்காரி மகளுக்கு ஒரே பதட்டம். "நொண்டியைக் கழிச்சுருவீங்களா பெரியம்மா?"

ஒக்காத்தி வச்சுச் சொன்னேன். "இது அடிபட்ட கால். அடிபட்டது ரத்தத்துல ஏறாது. நாளைக்கு இது ஈனுற குட்டி நேராத்தான் நிக்கும். அதனால இதை வச்சுக்கலாம். பிறவியிலேயே செவிடாப் பொறக்குது பாரு, அதைத்தான் வச்சுக்கக் கூடாது. வெள்ளையில அது வரும். விட்டா வம்சத்தையே கெடுத்துரும்."

"அடிபட்டா வச்சுக்கலாம். பிறவின்னா வச்சுக்கக் கூடாது." வாய்ப்பாடு மாதிரி ரெண்டு தடவை சொல்லிப் பாத்துக்கிச்சு. மண்டையில ஏறுது, இல்லைன்னு சொல்ல முடியாது.

ஜூலை 4, வியாழன்

இருபத்தஞ்சாம் நாள். காது பாத்தேன். குட்டிங்க கூழ் நக்குறப்ப பின்னால நின்னு எவர்சில்வர் தட்டுல கரண்டியால ஒரு தட்டு. திரும்பினா நிக்கும். திரும்பலைன்னா இன்னும் ரெண்டு தடவை. மூணுக்கும் திரும்பலைன்னா தண்ணித்தொட்டி. எங்கப்பா பண்ணினதும் இப்படித்தான்.

இந்தத் தடவை ரெண்டு. ஒரு கடுவன், ஒரு பொட்டை. கடுவனைப் போட்டுட்டுத் திரும்பினா பொட்டையைக் காணோம். கொட்டகையெல்லாம் தேடியாச்சு. அதுக்கிட்டக் கேட்டா தெரியாதாம். கண்ணைப் பாத்துப் பொய் சொல்லுது.

ஜூலை 6, சனி

கெடச்சிருச்சு. ஸ்கூல் பைக்குள்ள, மில்லுக்காரியோட பழைய சேலையைச் சுத்தி வச்சிருக்கு. ரெண்டு நாளா தன் பங்குப் பாலை ஊத்திருக்கு.

ஒண்ணு விட்டேன். இடது கன்னத்துல. கன்னம்னு சொல்றேன், காதும் சேந்திருக்கும், கை பெரிய கை. காதைப் பொத்திக்கிட்டு அப்படியே ஒக்காந்துருச்சு. அழுதா ஆத்திரம் அடங்கியிருக்கும். அழல. குட்டியை அது கண்ணு முன்னாலேயே தொட்டியில போட்டேன். மூஞ்சியைத் திருப்பிக்கிச்சு, தாடையைப் புடிச்சுத் திருப்பிப் பாக்க வச்சேன். பாத்தாத்தான் பாடம் ஏறும்.

எழுதி வச்சுக்கிறேன்: திருட்டு, ஒளிப்பு, பொய். மூணும் தாய் வழி. ஒரு குடும்பத்தையே ஒளிச்சு வச்சுப் பொழச்சவ மக இல்லையா. அவரும்தான் ஒளிச்சாரு. அது வேற.

ஜூலை 8, திங்கள்

தலையணையில மஞ்சளா கறை. ஓரத்துல லேசா ரத்தம். பழைய தலையணை. உறையைச் சோடாப்பு போட்டுத் தொவச்சுக் காயப்போட்டேன்.

ஜூலை 10, புதன்

காது வலிக்குதாம். பூண்டு தட்டிப் போட்டு நல்லெண்ணெய் காய்ச்சி ஊத்தினேன். சூடு கொஞ்சம் தூக்கல்தான். ஆனா கத்தல. மடியில தலை வச்சிருந்தது, என் சேலையைக் கொத்தாப் புடிச்சுக்கிச்சு. கால் மணி நேரம் அப்படியே கெடந்துச்சு. கால் மரத்துப் போச்சு எனக்கு.

அவர் ராத்திரி போன் பண்ணி, "புள்ளைக்கு என்ன, குரல் ஒரு மாதிரி இருக்கு"ன்னாரு. வெயில்னு சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 2, வெள்ளி

கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. துணி மடிச்சுக்கிட்டு இருக்கா, நாய்ங்க கொலைக்குது, இடது பக்கமா பின்னால நின்னு மூணு தடவை கூப்பிட்டேன். அடேங்கப்பா, மகாராணி. தோளைப் புடிச்சு இழுத்தப்புறம் என்னமோ அப்பத்தான் நான் வந்த மாதிரி முழிக்கிறா. எவ்வளவு திமிர் இருக்கணும். மில்லுக்காரியும் இப்படித்தான் இருந்திருப்பா.

இனிமே முதல் கூப்பாட்டுக்கு வந்தாத்தான் சோறுன்னு சொல்லிட்டேன்.

ஆகஸ்ட் 3, சனி

ரெண்டாவது கூப்பாட்டுக்கு வந்தா. சோறு இல்லை.

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சோறு இல்லை.

ஆகஸ்ட் 9, வெள்ளி

வழிக்கு வந்துட்டா. இப்பெல்லாம் நான் எங்க நின்னாலும் என் மூஞ்சியையே பாத்துக்கிட்டு இருக்கா. வாயைத் திறக்குறதுக்குள்ள எந்திரிச்சு நிக்கிறா. ஆனா அந்தப் பார்வை எனக்குப் புடிக்கல. கண்ணைப் பாக்குறது இல்ல, வாயைப் பாக்குறா. திருட்டுப் பார்வை.

ஆகஸ்ட் 19, திங்கள்

ஸ்கூல்ல இருந்து எஸ்தர் டீச்சர் கூப்பிட்டு விட்டாங்க. டிக்டேஷன் வச்சா பக்கத்துப் புள்ள நோட்டைப் பாத்து எழுதுறாளாம். "வந்தப்ப நல்லாப் படிச்ச புள்ளைங்க, திடீர்னு என்னாச்சு? வீட்ல ஏதாவது பிரச்சனையா?"ன்னாங்க. வீட்ல ஒரு பிரச்சனையும் இல்ல டீச்சர், இது ரத்தம்னேன். டீச்சர் நோட்டை மூடி வச்சுட்டாங்க. படிச்சவங்களுக்கு இதெல்லாம் புரியாது.

செப்டம்பர் 2, திங்கள்

முல்லையை வடக்குத்தெருக் கடுவனோட சேத்தேன். கணக்குப்படி நவம்பர் முதல் வாரம். முல்லைக்கு வயசாயிருச்சு, இதுதான் கடைசி ஈத்து. சிங்காரி குட்டியெல்லாம், கால் கோணினதும் சேத்து, போன மாசமே கைமாறிப் போச்சு. செல்லி சாயல்ல ஒண்ணாவது முல்லை வயித்துல விழணும்.

செப்டம்பர் 7, சனி

சந்தைக்குப் போறப்ப எப்பவும் எனக்கு இடது பக்கமாவே நடக்குறா. வலது பக்கம் தள்ளி விட்டாலும் சுத்தி வந்து இடது பக்கம் நின்னுக்கிறா. என்ன கிறுக்கோ.

எதிர்வீட்டுப் பாண்டியம்மா அக்கா நிறுத்தி வச்சு, "ஏ பூரணம், இந்தப் புள்ள நடக்குறது, இடுப்புல கை வச்சு நிக்கிறது, எல்லாம் அப்படியே நீதாண்டி! பெத்தவகூட இப்படி உரிச்சு வைக்க மாட்டா"ன்னு சிரிச்சா. நடிக்கிறா அக்கா, நம்பாதீங்கன்னேன்.

வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால இடுப்புல கை வச்சு நின்னு பாத்தேன். அப்படி ஒண்ணும் மோசமா இல்லை.

செப்டம்பர் 25, புதன்

கொட்டகை கழுவுறது, கூழ் காய்ச்சுறது, உண்ணி எடுக்குறது எல்லாம் கார்த்தியே பாத்துக்கிறா. நான் சொல்ல வேண்டியதே இல்ல. எனக்கு முட்டிவலி, குனிய முடியல. இதைக் குணத்துல சேக்க முடியாது. வேலை வேற, குணம் வேற.

அக்டோபர் 11, வெள்ளி

மறுபடியும் ஸ்கூல்ல கூப்பிட்டு விட்டாங்க. இந்தத் தடவை டீச்சர் மூஞ்சியே சரியில்ல. ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு சின்னக் குட்டி. அதுக்கு அப்பா கூட இல்லையாம். அதைச் சுவத்தோரமா நிறுத்தி வச்சு, இடுப்புல கை வச்சுக்கிட்டு, "நீ ஒளிஞ்சு பெத்த குட்டிதானே?"ன்னு கேட்டிருக்கா இவ. அந்தப் புள்ள அழுதுச்சாம். அழுகையை நிறுத்துற வரைக்கும் தாடையைப் புடிச்சுக்கிட்டு நின்னாளாம்.

"பத்து வயசுப் புள்ளைக்கு இந்த வார்த்தையெல்லாம் எங்கிருந்துங்க வருது?"ன்னு கேக்குறாங்க டீச்சர். எனக்கு ஒடம்பே கூசிப்போச்சு. அடி ஆத்தீ, பால்குடி மறக்காததுக்கு இம்புட்டு வெசமா! என் வீட்ல யாரு இப்படியெல்லாம் பேசுறா? கத்துக் கொடுத்து வர்றதா இது? எழுதி வச்சுக்கிறேன், அடிக்கோடு போட்டே எழுதி வச்சுக்கிறேன். தை முடியட்டும்.

அக்டோபர் 27, ஞாயிறு, தீபாவளி

அவர் வந்திருந்தாரு. கார்த்திக்குப் பாவாடை சட்டை நான்தான் எடுத்தேன், நாவப்பழக் கலர். ஊர் பாக்கும்ல.

தெருவுல எவனோ சரவெடியைப் பத்த வச்சு இவளுக்கு இடது பக்கத்துலயே போட்டுட்டான். நானே பதறி எட்டு வச்சுட்டேன். இவ ஒரு எட்டு கூட நகரல, வெடி வேற எங்கயோ வெடிக்கிற மாதிரி வலது பக்கம் பாத்துக்கிட்டு நின்னா. பொகை மூக்குல ஏறினப்புறம்தான் திரும்பிப் பாத்தா. "தைரியத்தைப் பாரு எம்புள்ளைக்கு!"ன்னு அவருக்கு ஒரே பெருமை. நான் உள்ள போய் வரிசையா நாலு அதிரசம் தின்னேன்.

அக்டோபர் 28, திங்கள்

காலையில அவ முறுக்கு தின்னுக்கிட்டு இருந்தா, எனக்கு முதுகைக் காட்டிக்கிட்டு. நான் தட்டையும் கரண்டியையும் எடுத்துக்கிட்டு அவ பின்னால போய் நின்னேன். எதுக்குப் போனேன்னு தெரியல. தட்டாம அப்படியே கொண்டுபோய் வச்சுட்டேன்.

நவம்பர் 3, ஞாயிறு

முல்லை ஈனுச்சு. அஞ்சு குட்டி. முதல் நாலும் செத்தே விழுந்துச்சு. அஞ்சாவது உள்ளேயே மாட்டிக்கிச்சு. மாட்டு டாக்டரைக் கூட்டி வந்து அறுத்து எடுத்தோம், கர்ப்பப்பையையும் சேத்து எடுக்க வேண்டியதாயிருச்சு. சிங்காரிக்குப் போன மாசமே கர்ப்பப்பையில கட்டி, இனி சினை புடிக்காதுன்னுட்டாரு.

ஆனா அந்த அஞ்சாவது! பொட்டை. துடைச்சு வெளிச்சத்துல காட்டுனா வெள்ளைன்னா வெள்ளை, மூக்கு ரோஸ் கலர், கழுத்து நீளம். எங்கப்பா வண்டியில ஏத்தி விட்ட அதே செல்லி. செல்லின்னே பேரு வச்சேன். நான் அழுதேன். எனக்குன்னு இருக்கிற ஒரே ரத்தம் இது ஒண்ணுதான். இது நின்னாத்தான் எங்கப்பா வீட்டு வம்சம் நிக்கும்.

கார்த்திதான் விளக்கைப் புடிச்சுக்கிட்டு நின்னா. "இது நிக்குமா பெரியம்மா?"ன்னா. "இருபத்தஞ்சாம் நாள் காது பாக்கணும். கேட்டுச்சுன்னா நிக்கும்"னேன்.

நவம்பர் 15, வெள்ளி

செல்லி கண்ணு முழிச்சிருச்சு. நான் ஒரு நாளைக்குப் பத்துத் தடவை மடியில போட்டுக்கிறேன். கார்த்தி குட்டியைக் கொஞ்சுறதே இல்லை இப்பெல்லாம். வேலையை மட்டும் பாக்குறா. நல்லதுதான்.

நவம்பர் 20, புதன்

ஸ்கூல்ல ஹெல்த் கேம்ப்பாம். கார்த்திக்கு இடது காது சுத்தமாக் கேக்கலையாம். டீச்சர் என்னைக் கூப்பிடல, நேரா அவருக்குப் போன் பண்ணிட்டாங்க. அவர் பாதி லோடுல திரும்பி வர்றாரு. எனக்கு ஒண்ணுமே ஓடல. கூழ் அடிப்புடிச்சுப் போச்சு.

நவம்பர் 23, சனி

மதுரைக்குப் போனோம். காது டாக்டர் சின்ன வயசுப் பொண்ணு. லைட்டை விட்டு ரொம்ப நேரம் பாத்துச்சு.

"சவ்வு கிழிஞ்சிருக்கு. சீழ் புடிச்சு உள்ள இருக்கிறதையெல்லாம் அரிச்சிருச்சு. எத்தனை மாசமா இப்படி விட்டீங்க? சின்னதுலேருந்தே இருக்கா, இல்ல எங்கயாவது அடிபட்டுச்சா?"

அவர் என்னைப் பாத்தாரு. நான்தான் பதில் சொன்னேன். "பிறவியிலேயே கேக்காதுங்க. அவங்கம்மா வழி."

"லட்சுமிக்குக் காது நல்லாத்தான்…"ன்னு மில்லுக்காரி பேரைச் சொல்லி இழுத்தாரு மனுசன். நான் திரும்பி ஒரு பார்வை பாத்தேன். வாயை மூடிக்கிட்டாரு. பதினோரு வருசமா பொய் சொன்ன வாய்தானே, மூடத் தெரியும்.

அந்த டாக்டர் விடல. நாற்காலியை இழுத்துப்போட்டு இவ முன்னால ஒக்காந்து, "நீ சொல்லுடா கண்ணு. யாராவது அடிச்சாங்களா? பயப்படாதே"ன்னுச்சு.

இவ டாக்டரைப் பாக்கல. என் வாயைப் பாத்தா. அப்பத்தான் எனக்குப் புரிஞ்சுச்சு, இத்தனை மாசமா எதுக்கு வாயையே பாத்துக்கிட்டு இருந்தான்னு. நான் டாக்டருக்குப் பின்னால நின்னேன். சத்தம் வராம வாயை மட்டும் அசைச்சேன்.

"பிறவி"ன்னா டாக்டருக்கிட்ட. "எங்கம்மாவுக்கும் கேக்காது."

கெட்டிக்காரி. புடிச்சுக்கிட்டா. ஆபரேசன் பண்ணினாலும் கேக்குறது வராது, சீழை மட்டும் நிறுத்தலாம்னு சீட்டு எழுதிக் கொடுத்துச்சு டாக்டர். பஸ்ல கார்த்தி எனக்கு இடது பக்கம் வந்து ஒக்காரல. முதல் தடவையா வலது பக்கம் ஒக்காந்தா, கேக்காத காதை என் பக்கம் வச்சுக்கிட்டு. வீடு வர்ற வரைக்கும் நான் ரெண்டு மூணு தடவை பேசிப் பாத்தேன்.

நவம்பர் 24, ஞாயிறு

அவர் லோடுக்குக் கெளம்பிட்டாரு. வியாழக்கிழமை வந்துருவாராம். போறப்ப, "நம்ம ரத்தத்துல இப்படி யாரும் இல்லையே பூரணம்"னாரு. அப்ப அவ ரத்தத்துல இருக்குன்னேன்.

கார்த்தி உண்ணி எடுத்துக்கிட்டு இருந்தா. முன்னால போய் நின்னு கேட்டேன். "ஏண்டி, கேக்கலைன்னு ஒரு வார்த்தை சொல்றதுக்கென்ன? வாயில கொழுக்கட்டையா?"

"சொன்னா தொட்டியில போட்டுருவீங்கன்னு."

நான் சிரிச்சுட்டேன். மனுசப் புள்ளையை எவளாவது தொட்டியில போடுவாளா? பைத்தியம். சிரிப்பு நிக்கவே மாட்டேனுச்சு, கண்ணுல தண்ணி வந்துருச்சு. அஞ்சு மாசம். அஞ்சு மாசமா அதை நெனச்சுக்கிட்டேவா இந்த வீட்ல தூங்கியிருக்கா?

"அடிபட்டா வச்சுக்கலாம்னு சொன்னீங்க"ன்னா. "பிறவின்னா வச்சுக்கக் கூடாதுன்னு சொன்னீங்க."

"அது நாய்க்குச் சொன்னதுடி."

"நேத்து பிறவின்னு சொன்னீங்களே பெரியம்மா."

என் வாயையே பாத்துக்கிட்டு நின்னா. பதில் வராதுன்னு தெரிஞ்சதும் குனிஞ்சு உண்ணி எடுக்க ஆரம்பிச்சுட்டா. எடுத்து எடுத்து மண்ணெண்ணெய்க் கிண்ணத்துல போட்டா. ஒண்ணு கூட அவசரப்பட்டுப் போடல.

நவம்பர் 26, செவ்வாய்

இன்னும் ரெண்டு நாள் இருக்கு, பொறுக்க முடியல. கார்த்தி ஸ்கூல் போனதும் செல்லிக்குக் கூழ் வச்சுப் பின்னால நின்னு தட்டினேன். முதல் தட்டுலயே திரும்பிருச்சு! காதை விடைச்சுக்கிட்டு என்னையே பாக்குது. மெதுவாத் தட்டினாலும் திரும்புது. நாக்கால 'த்ச்'சுன்னா ஓடி வருது. எங்கப்பா இருந்திருந்தா இன்னைக்கு வெடி போட்டிருப்பாரு. ரெண்டு தட்டு சோறு சாப்பிட்டேன்.

கார்த்தி விசயத்துல ஒரு முடிவுக்கும் வந்துட்டேன். தை வரைக்கும் ஏன் காத்திருக்கணும்? அவர் வரட்டும், இந்த நோட்டைக் காட்டிப் பேசிரலாம். காது கேக்காத புள்ளைங்களுக்குன்னு ஹாஸ்டலோட ஸ்கூல் இருக்காம். அவளுக்கும் நல்லதுதான். அந்தப் பார்வையை வச்சுக்கிட்டு ஒரே வீட்ல இருக்க முடியாது.

இதை எழுதிட்டு நோட்டை அரிசி டின்னு மேல வச்சிருந்தேன். சாயந்தரம் பாத்தா டின்னுக்குப் பக்கத்துல இருந்துச்சு. நானே மாத்தி வச்சிருப்பேன்.

நவம்பர் 28, வியாழன்

மழைன்னு ஸ்கூல் லீவு. செல்லிக்குக் கழுத்துப்பட்டை வாங்கலாம்னு டவுனுக்குப் போனேன். செவப்புல, சின்ன மணி வச்சது. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும் நான் திரும்பி வர்றப்ப. வாசல்ல லாரி நின்னுச்சு. அவரும் அப்பத்தான் வந்து இறங்கியிருக்காரு, தலையில துண்டைப் போட்டுக்கிட்டு கொட்டகைப் பக்கம் நின்னுக்கிட்டு இருந்தாரு.

தொட்டிக்கிட்ட கார்த்தி. பாவாடையை இழுத்துச் சொருகியிருக்கா. முழங்கை வரைக்கும் ஈரம். பக்கத்துச் செவத்து மேல எவர்சில்வர் தட்டு, கரண்டி. கொட்டகைக்குள்ள முல்லை கம்பியைப் பிராண்டுது.

"இருபத்தஞ்சாம் நாள் பெரியம்மா. நீங்க வர்றதுக்கு நேரமாச்சு. நானே காது பாத்துட்டேன்"னா.

தொட்டிக்குள்ள நான் பாக்கல. பாக்க வேண்டியதில்ல. மணி வச்ச பட்டை கையில இருந்துச்சு. அது சத்தம் போட்டுக்கிட்டே இருந்துச்சு.

"என்ன பூரணம், அந்த வெள்ளைக் குட்டியையா போட்டுருக்கா? போன தடவை நான் வந்தப்ப நல்லாத்தானே இருந்துச்சு? கூப்பிட்டா திரும்புச்சே?"ன்னு அவர் கேட்டாரு. புரியாம என்னையும் அவளையும் மாத்தி மாத்திப் பாத்தாரு.

அவளை அப்படியே தூக்கித் தொட்டியில அமுக்கணும்னு வெறி வந்துச்சு. ஆமா, எழுதுறேன், வந்துச்சு. வாயைத் திறந்தேன். செல்லிக்குக் காது கேக்கும்யா, நானே முந்தாநாள் பாத்தேன், இவ வேணும்னே கொன்னுட்டான்னு கத்த வாயைத் திறந்தேன்.

கார்த்தி அவருக்குப் பின்னால போய் நின்னுக்கிட்டா. இடுப்புல கை வச்சா. இன்னொரு கையால இடது காதைத் தொட்டா, சும்மா, முடியை ஒதுக்குற மாதிரி. என்னைப் பாத்துச் சத்தம் வராம வாயை மட்டும் அசைச்சா.

எனக்கும் வாயைப் பாத்துப் படிக்க வருதுன்னு இன்னைக்குத்தான் தெரிஞ்சுது.

"பிறவி"ன்னேன் அவருகிட்ட. "பிறவிச் செவிடு."

"அய்யய்ய, அவ்வளவு அழகான குட்டி"ன்னு உச்சுக் கொட்டினாரு. அப்புறம் கார்த்தி தலையில கையை வச்சாரு. "பரவாயில்ல பூரணம், தொழிலைக் கத்துக்கிட்டா. உன் வளப்பு. சரி, ஹாஸ்டல் விசயம் என்ன சொல்ற? நீ சொன்னா சரி."

அவ என் வாயைப் பாத்துக்கிட்டே இருந்தா.

"எங்கயும் அனுப்ப வேண்டாம். இங்கயே இருக்கட்டும்."

அவருக்குக் கண்ணு கலங்கிருச்சு. நல்லவடீ நீன்னாரு.

இப்ப சாயந்தரம் ஆறு மணி. அவர் தூங்குறாரு. முல்லை இன்னும் பிராண்டுறதை நிறுத்தல. கார்த்தியே இந்த நோட்டைக் கொண்டுவந்து மடியில வச்சு, பேனாவையும் திறந்து கொடுத்தா. பக்கத்துல நிக்கிறா.

செல்லி. பொட்டை. வெள்ளை. பிறவிச் செவிடு. கழிச்சாச்சு.

அது போதலையாம். முதல்லேருந்து பக்கத்தைப் புரட்டிக்கிட்டு வந்து ஜூன் 4ல நிறுத்தினா. தாய்னு போட்டிருக்கிற வரியில விரலை வச்சா. "இதை மாத்துங்க பெரியம்மா"ன்னா.

மில்லுக்காரிங்கிறதை அடிச்சுட்டுப் பூரணம்னு எழுதிக் கொடுத்தேன்.